மவுஸ் நின்றதற்காக லினக்ஸை அழிக்காதீர்கள்: கடம்பூரிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

கடம்பூர் வட்டாரத்துப் பெற்றோரும், மேல்நிலை வகுப்பு மாணவரும், அவர்களுக்குக் கணினி சொல்லித்தரும் ஆசிரியர்களும் சேர்ந்து, பள்ளிக் கணினிகளை வாங்கவும் பராமரிக்கவும் பொறுப்பேற்றிருக்கும் எல்லோர் முன்பும் வைக்கும் கோரிக்கைகள் இவை.

நடப்பது இதுதான். கணினி அறையில் மவுஸ் நின்றுபோகிறது. கோவில்பட்டியிலிருந்து சர்வீஸ் ஆள் வருகிறார். ஒயரைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கிறார். “லினக்ஸ்னா இப்படித்தான்” என்று அதை அழித்துவிட்டு, லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஏற்றிவிட்டுப் போகிறார். பிள்ளைகள் எழுதி வைத்திருந்த பைதான் நிரல்களும் அதோடு போகின்றன. கொஞ்ச நாளில் மவுஸ் மறுபடி நிற்கிறது.

மவுஸ் நின்றதற்காக லினக்ஸை அழிக்கக் கூடாது. இதுவே எங்கள் முதற் கோரிக்கை; மற்றவை இதற்குள் அடக்கம்.

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு இருக்கிறது. யூ.எஸ்.பி. மவுஸை இயக்கும் டிரைவர், 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னல் காலத்திலிருந்தே லினக்ஸுக்குள் இருக்கிறது. குறை வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கச் சொல்கிறோம்.

முதலில் எர்த்தைப் பாருங்கள். கரிசல் மண் மழையில் ஊதும். பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் குழாயைச் சுற்றியுள்ள மண் அப்படி விலகிக் காய்ந்துவிட்டால், குழாய் இருந்தும் எர்த் இல்லை. அப்போது கணினிப் பெட்டியில் கசிவு மின்சாரம் தங்கும். பெட்டியின் பின்பக்க இரும்பில் கை பட்டால் சுர்ரென்று இழுப்பதைப் பிள்ளைகள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வோல்ட்டில் ஓடும் யூ.எஸ்.பி. இணைப்பு, இந்தக் கசிவிலும் வறண்ட காற்றில் தெறிக்கும் நிலைமின்சாரத்திலும் அறுந்து அறுந்து ஒட்டும். மவுஸைவிட எங்களுக்குப் பெரிய கவலை அந்தப் பெட்டியைத் தொடும் பிள்ளையின் கை. ஆகவே ஐ.எஸ். 3043 விதிமுறைப்படி எர்த்தைச் சோதித்து, மின்தடை அளவை அறையில் எழுதி ஒட்ட வேண்டும். கோடை முழுவதும் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்து இரண்டு முனைச் சாக்கெட்டில் செருகும் பழக்கம் அடியோடு நிற்க வேண்டும்.

இரண்டாவது, மின்சிக்கனம். பவர்டாப் போன்ற மின்சிக்கனக் கருவிகளை ஓடவிட்டு எல்லாவற்றையும் ஒரே தட்டில் ‘சிக்கனம்’ ஆக்கிவிடுகிறார்கள். அதன்பின் மவுஸ் இரண்டு விநாடி சும்மா இருந்தாலே தூங்கிவிடும். ஆசிரியர் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி அசையாது. பட்டனை அழுத்தினால்தான் விழிக்கும். சுவர் மின்சாரத்தில் ஓடும் மேசைக் கணினியில் இதனால் மிச்சமாவது ஒன்றுமில்லை. மவுஸுக்கு மட்டும் இந்தத் தூக்கத்தை நிறுத்த லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வில் ஒற்றை வரி விதி போதும். எல்லாக் கணினியிலும் அதை எழுதி வையுங்கள்.

மவுஸைப் பெட்டியின் பின்பக்கத்து யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டில் நேராகச் செருக வேண்டும். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் மவுஸையும் கீபோர்டையும் பென்டிரைவையும் கோத்துவிடக் கூடாது. அத்தகைய ஹப்பின் ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் கணக்கு. நீட்டிப்பு ஒயர்களும் வேண்டாம்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைப் படிக்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். மவுஸ் அறுந்த நேரம் அங்கே விநாடி சுத்தமாக இருக்கும். ‘மைனஸ் 71’ என்ற பிழை எண் வந்திருந்தால் பெரும்பாலும் ஒயர், போர்ட் அல்லது மின்சாரக் கோளாறு. அதற்கு விண்டோஸ் ஏற்றினாலும் அதே ஒயர்தான். அந்த வரிகளை அச்செடுத்து, பார்த்த பழுதையும் செய்த வேலையையும் தமிழில் எழுதி, சர்வீஸ் ஆள் கையெழுத்திட வேண்டும். பதிவைப் பார்க்கும் உரிமை கணினி ஆசிரியருக்கும் வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் வெளியூரில் மட்டும் இருந்தால், ஒரு மவுஸுக்காக ஒரு வகுப்பே நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறது. எங்களில் பலர் தீப்பெட்டி ஆலை வேலைக்கும் மானாவாரிக் காட்டுக்கும் போகிறவர்கள். வீட்டில் கணினி வாங்க வழியில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

இவற்றைக் கோடை விடுமுறைக்குள் முடிக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது, பெற்றோர் முன்னிலையில் ஒவ்வொரு மவுஸையும் பத்து நிமிடம் தொடாமல் வைத்திருந்து, பின்பு நகர்த்திக் காட்ட வேண்டும்.