முற்றுப்பெறாத கையெழுத்துப் பிரதிகள்

யூபிலி மலரொன்று வெளிவருங்கால் அதிலே இடம்பெற்ற கட்டுரைகளைப் பற்றியே யாவரும் பேசுவர். இடம்பெறாதவற்றைப் பற்றிப் பேசுவார் இலர். ஆயினும் ஒவ்வொரு மலரும் தன் பின்னே ஒரு கட்டுக் காகிதத்தை விட்டுச் செல்கின்றது. தொடங்கி முடிக்கப்படாத கட்டுரை, மூன்றடி எழுதி நான்காமடி வாராத வெண்பா, திருத்தித் தருவதாகச் சொல்லி மறக்கப்பட்ட கதை, ஒரே சொற்பொழிவின் மூன்று வேறு வடிவங்கள் ஆகிய இவையெல்லாம் சங்கத்து அலுமாரியிலே ஆண்டுக்கணக்காய்த் துயில்கின்றன. இவற்றை என் செய்வது என்னும் வினா ஒவ்வொரு மலர்க்குழுவின் முதற் கூட்டத்திலும் எழுவதும், அடுத்த குழுவினர் பார்த்துக்கொள்வர் என ஒத்திவைக்கப்படுவதும் வழக்கமாயின. இம்முறையும் அவ்வாறு ஒத்திவைத்தல் ஆகாது என்பதே எமது கருத்து.

இவ்விடயத்தில் அன்பர்கள் இரு சாராராய்ப் பிரிந்து நிற்கின்றனர். பயனற்ற குப்பையைக் கறையானுக்கு இரையாக்குவதினும் எரித்துவிடுதல் நன்று என்பர் ஒரு சாரார். ஒரு துண்டுந் தவறாமற் படம்பிடித்துக் கணினியில் ஏற்றி உலகெல்லாங் காண வைத்தல் வேண்டும் என்பர் மறு சாரார். பின்னையோர் கூற்றுக்கே எம்மவரிடை ஆதரவு மிகுதி. அதன் காரணத்தையும் நாம் அறிவோம். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. 1995 ஒக்டோபர் இறுதியிற் குடாநாட்டு மக்கள் வீடு வாசல் விட்டு வெளியேறியபோது எத்தனை கொப்பிகளும் கடிதங்களும் அழிந்தனவோ, கணக்கிடுவார் யார்? இவற்றைக் கண்ட தலைமுறைக்கு எழுதிய தாளொன்றைக் கிழித்தெறிதல் பாவம் என்றே தோன்றும். அவ்வுணர்ச்சியை நாம் இகழோம்.

எனினும் உணர்ச்சி வேறு, முறைமை வேறு. எதனையும் எறியலாகாது என்போர் முதலில் எடுத்துக்காட்டுவது சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களையே. சிறுப்பிட்டி தந்த அப்பெருமகனார் செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியது தமிழுலகு மறக்கவொண்ணாத பணியாகும். ஆயின் அவர் தேடியவை ஆக்கியோரால் முடிக்கப்பெற்று உலகுக்கு அளிக்கப்பெற்ற நூல்கள். ஒருவர் தம் மேசை இலாச்சியில் அடைத்து, இன்னும் பிறர் கண்ணிற் படலாகாது என வைத்திருந்த தாளுக்கு அந்நியாயம் பொருந்துமா? அன்றியும் பிள்ளையவர்கள் கிடைத்த பிரதிகளையெல்லாம் அப்படியே அள்ளிக் கொட்டினாரல்லர், ஒப்புநோக்கினார், கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளினார். அவர் பெயரைச் சொல்வோர் அவ்வுழைப்பையும் நினைவு கூர்தல் தகும். 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துச் சஞ்சிகைகளையும் மலர்களையும் காத்துத் தருவது கண்டு மகிழ்கின்றோம். ஆயினும் அச்சேறிய மலரைக் காப்பதும், ஆக்கியோன் அச்சேற்ற விரும்பாததை அம்பலத்தில் வைப்பதும் ஒன்றாகா.

இனி, அரைகுறையாய் நிற்கும் எழுத்தைப் பிறரொருவர் முடித்து வெளியிடலாமா என்பது. பாணபட்டர் முடியாது விட்ட காதம்பரியை அவர் மைந்தர் முடித்தார். தந்தை கை எங்கே நின்றது, தம் கை எங்கே தொடங்கிற்று என்பது விளங்கவே முடித்தார். 1954 இற் கல்கி காலமானபோது இடையில் நின்ற ‘அமரதாரா’வை அவர்தம் புதல்வியார் நிறைவு செய்ததும் யாவரும் அறியவே நிகழ்ந்தது. உ. வே. சாமிநாதையர் 1942 இல் மறைந்தபோது ‘என் சரித்திர’மும் நடுவழியில் நின்றுவிட்டது. மாணாக்கராகிய கி. வா. ஜகந்நாதன் ஆசிரியர் நூலிலே தம் கையை நுழைக்காது, வேறொரு நூலாகவே எஞ்சிய வரலாற்றை எழுதினார். உரோமப் புலவர் வெர்ஜிலின் ஈனியிட் காவியத்தை எரித்துவிடுக என்பது அவரது இறுதி விருப்பம் என்பர். அகுஸ்தஸ் மன்னர் அதனைத் தடுத்துப் பதிப்பிக்கச் செய்தார். பதிப்பித்தோர் பாதியில் நின்ற அடிகளை நிரப்பாமலே விட்டமையால், இன்றும் அவ்வடிகள் பாதியாகவே நிற்கின்றன. எமக்கு இம்முறையே உவப்பானது. எம்மிடையே சிலர் ‘சிறிது மெருகிட்டு’ வெளியிடும் வழக்கமோ நன்றன்று. மெருகு எவருடையது என்பது ஐந்தாண்டு கழியின் எவர்க்குந் தெரியாது.

இவ்வளவுக்கும் அலுமாரியில் இருப்பது காதம்பரியன்று என்று நகைப்போர் உளர். உண்மையே. அக்கட்டுகளிற் பெரும்பகுதி அழைப்பிதழ்களின் முன்வடிவம், நன்றியுரைகளின் படிகள், கூட்ட அறிவித்தல்கள் ஆகியனவே. இவற்றை இருவர் ஒரு பிற்பகலில் இருந்து கழித்துவிடலாம்; இதற்கு விவாதம் வேண்டா.

எம் மனத்தை உறுத்துவது வேறு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதத் தொடங்கிய விடுதிச்சாலை வரலாறு அங்கே இருக்கின்றது. பதினெட்டுப் பக்கங்கள். ஆண்டு எழுதவேண்டிய இடங்கள் பல வெறுமையாய் விடப்பட்டுள. ஓரங்களில் ‘கேட்டு எழுதுக’ என்று பென்சிலாற் குறித்துள்ளார். யாரைக் கேட்கவேண்டும் என்பதையும் சில இடங்களிற் குறித்திருக்கின்றார். அப்பெரியார் இன்றில்லை. அவர் குறித்தவர்களுள்ளும் சிலர் மறைந்தனர். எஞ்சியோருட் சிலர் கனடாவிலும் இலண்டனிலும் பிள்ளைகளோடு வாழ்கின்றனர். முடிந்த கட்டுரை பத்தாண்டு காத்திருந்தால் அதற்குக் கேடொன்றும் வாராது. வினாக்கள் நிறைந்த பிரதி அப்படிக் காத்திருக்கவியலாது. விடை சொல்லவல்லார் எண்பதைக் கடந்துவிட்டனர். எரிப்போரும் படம்பிடிப்போரும் தம்முள் வழக்காடும் இவ்வேளையில் எவரும் ஒரு கடிதம் எழுதிக் கேட்டாரில்லை.

ஆதலின் நாம் வேண்டுவது இது. ஆக்கியோர் உயிருடன் இருப்பின் பிரதியை அவரிடமே திருப்பியனுப்பி, முடித்துத் தருகின்றீர்களா, மீளப் பெறுகின்றீர்களா என்று கேட்டு, விடைக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தல் வேண்டும். மறைந்தவராயின் மனைவி மக்களிடம் உத்தரவு பெறுதல் வேண்டும். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாயின் வாசித்துக் காட்டுதல் சங்கத்தின் கடன். விடை கிடையாதவற்றை ஒரு கோவையிலிட்டு, பெயரும் பெற்ற திகதியும் எழுதி, அச்சிடாமற் காத்தல் போதும். விடுதிச்சாலை வரலாற்றுக்கு மாத்திரம் இம்முறைமையெல்லாம் முடியுமளவும் காத்திராது, உயர்வகுப்பு மாணவர் இருவரை நியமித்து, குறிக்கப்பெற்றோரிடம் தொலைபேசியிலேனும் உடனே கேட்டெழுதச் செய்தல் வேண்டும். விடைகளை ஆசிரியர்தம் எழுத்தினிடையே கலவாது தனித்தாளில் எழுதுவது நன்று.

1960களிலும் 1970களிலும் விடுதியில் வசித்த அன்பர்கள் தம் பெயரையும் தங்கியிருந்த ஆண்டுகளையும் சங்கச் செயலாளர்க்கு அறிவிப்பாராக. அலுமாரித் திறப்பும் அவரிடமே இருக்கின்றது.