வீட்டுப் பொடிக்கும் லேபிள் வேண்டும்

சென்னையை ஒட்டிய ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவைச் சுற்றி எழுந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் தண்ணீர் லாரி வராத புகாருக்கு நடுவே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் விற்பனைக்கு வருகின்றன. தீபாவளி நெருங்கினால் முறுக்கும் அதிரசமும் சேர்ந்துகொள்ளும். பாக்கெட்டின் மேல் ஒரு பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். என்று அரைத்தது, என்னென்ன சேர்ந்தது, எதுவரை சாப்பிடலாம் என்பது பெரும்பாலும் இருக்காது.

தெரிந்த அக்கா செய்தது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். அந்த நம்பிக்கையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த வியாபாரமே அதில்தான் நடக்கிறது. ஆனால், பாக்கெட் அந்தக் குடியிருப்போடு நிற்பதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போகிறது, விடுதியில் படிக்கும் பெண்ணுக்குப் போகிறது, அவர்களுடைய அறைத்தோழர்கள் கைக்கும் போகிறது. அங்கே அக்காவைக் கேட்க முடியாது. லேபிளைத்தான் கேட்க வேண்டும்.

இட்லிப் பொடியையே எடுத்துக்கொள்வோம். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம். இதில் யாருக்கு என்ன ஆபத்து என்று தோன்றும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அந்தச் சிட்டிகை போதும். அரைத்துக் கொடுத்த மில்லில் அதற்கு முன் அதே மிஷினில் கோதுமை ஓடியிருந்தாலும் இதே கதைதான். செய்தவருக்கே தெரியாத பொருள் பொடிக்குள் இருக்கிறது. பெருங்காய டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பார்த்து எழுதினால்தான் வெளியே வரும்.

எள்ளும் சாதாரணமானதல்ல. 2016-இல் பிரிட்டனைச் சேர்ந்த நடாஷா என்ற 15 வயதுப் பெண், மாவில் எள் சேர்ந்திருப்பது லேபிளில் குறிப்பிடப்படாத ஒரு ரொட்டியைச் சாப்பிட்டு ஒவ்வாமையால் இறந்துபோனார். கடையிலேயே தயாரித்துப் பொட்டலம் கட்டி விற்கும் உணவுக்கும் முழுச் சேர்மானப் பட்டியல் வேண்டும் என்று 2021 அக்டோபர் 1 முதல் அங்கே சட்டமானது. நம் நாட்டில் தனியாக எச்சரிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் பால், முட்டை, மீன், கோதுமை, வேர்க்கடலை, சோயா போன்றவை உண்டு, எள் இல்லை. எள்ளும் நல்லெண்ணெயும் இல்லாமல் சமைக்காத நமக்கு இது பெரிய விடுபடல்.

நம் சட்டம் என்ன கேட்கிறது? 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் கீழ், வீட்டில் சிறிய அளவில் செய்து விற்பவர்களும் பதிவு செய்தாக வேண்டும். 2011 விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குப் பதிவுக் கட்டணத்தை ஆண்டுக்கு வெறும் 100 ரூபாயாகத்தான் வைத்தன. இதை யாரும் சுமை என்று சொல்ல முடியாது. பாரம் லேபிளில் தொடங்குகிறது. 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள், பொட்டலமிட்டு விற்கும் உணவுக்குச் சேர்மானம், பேட்ச் எண், தேதிகள், பதிவு எண், முகவரி, சைவ–அசைவக் குறி என்று நீண்ட பட்டியல் வைக்கின்றன. முறுக்குப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி, எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சோடியம் என்பதும் அதில் அடக்கம். எடை, விலை விவரங்களுக்கு வேறு விதி. அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. லேபிள் பிழையானால் அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். எல்லாவற்றையும் செய்ய முடியாது என்று தெரிந்ததும் செய்ய முடிந்ததையும் விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம், சிறு அளவில் கையால் செய்து நேரடியாக விற்பவர்களுக்கு ஊட்டச்சத்து அட்டவணையிலிருந்து மட்டும் விலக்கு அளித்திருக்கிறது. ஒவ்வாமைத் தகவலில் விலக்கு இல்லை. நமக்கும் அந்தப் பிரிவினை பொருந்தும்.

இதைவிட என்னை உறுத்துவது மொழி. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாக வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். ஐயப்பன்தாங்கலில் ஒரு பெண், தமிழ் மட்டும் படிக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தமிழில் மட்டும் லேபிள் எழுதி ஊறுகாய் விற்றால், அது விதிப்படி லேபிளே அல்ல. இலங்கையில் உணவு லேபிளில் தமிழுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மாநிலத்துக்குள் விற்கும் வீட்டுத் தயாரிப்புக்காவது தமிழ் லேபிள் செல்லும் என்ற திருத்தத்தை மாநில அரசு கேட்டுப் பெற வேண்டும்.

முகவரிப் பிரச்சினையும் இருக்கிறது. வீட்டு முகவரியை ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சடிக்கத் தனியாக வசிக்கும் பெண்கள் தயங்குவது நியாயமே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2025-இல், முகவரிக்குப் பதிலாகப் பதிவு எண்ணை அச்சிட வழி செய்தது. நம் பதிவு எண்ணை வைத்தும் அதிகாரிகள் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பதிவு இடத்தோடு கட்டப்பட்டது. ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டம். ஒரு பக்கம் போரூர் சென்னை, மறுபக்கம் காட்டுப்பாக்கம் திருவள்ளூர். வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லி இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளிக் குடிபோனாலே மாவட்டமும் அதிகாரியும் மாறிவிடுகிறார்கள்.

இத்தனை சலுகை கேட்ட பிறகு, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். செய்த தேதி, கெடு தேதி, முழுச் சேர்மானம், பதிவு எண். இவை கையால் எழுதியிருந்தாலும் போதும், ஆனால் இருந்தாக வேண்டும். தேங்காய் சேர்த்த பொடி, வெறும் பருப்புப் பொடியைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பது செய்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரிய வேண்டாமா? தட்டில் வைத்து உதிரியாக விற்கும் இனிப்புக்கே எதுவரை உண்ணலாம் என்ற தேதியைக் கடைகள் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் உத்தரவு வந்தது. வீட்டுப் பாக்கெட்டில் அது இல்லாமல் இருப்பது சரியல்ல.

தீபாவளிக்கு முன்பு, பதிவில்லாமல் வீட்டில் பலகாரம் செய்து விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிப்பது வழக்கம். இந்த முறை எச்சரிக்கையோடு ஒரு மாதிரி லேபிளையும் தமிழும் ஆங்கிலமுமாக அச்சடித்துக் கொடுக்கட்டும். அதில் ‘பெருங்காயம் (கோதுமை மாவு சேர்ந்தது)’ என்று ஒரு வரியை எழுதிக் காட்டட்டும். பலகாரம் போடுகிறவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் டப்பாக்களைத் திருப்பிப் படிப்பார்கள்.