ஒக்டேன் 95: தரமா, தேவையா?

எரிபொருள் விலைத் திருத்தம் அறிவிக்கப்படும் போதெல்லாம் ஒக்டேன் 92 ரக பெற்றோலின் விலை பற்றியே பெரிதும் பேசப்படுகின்றது. ஒக்டேன் 95 வசதி படைத்தோரின் விவகாரமாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டு விடுகின்றது. ஆயினும், கூடிய விலைக்கு விற்கப்படுவது கூடிய தரமுடையதாகவே இருக்கும் என்ற நம்பிக்கையில், குறைந்த வருமானம் பெறுவோரும் தமது சிறிய வாகனங்களுக்கு அதனையே நிரப்புவதைக் காணமுடிகின்றது. இந்த நம்பிக்கை சரியானதா?

ஒக்டேன் எண் என்பது பெற்றோலின் சக்தியையோ தூய்மையையோ குறிப்பதன்று. இயந்திரத்தினுள் அமுக்கப்படும்போது, தானாகப் பற்றிக்கொள்ளாமல் எரிபொருள் எந்தளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதையே அது காட்டுகின்றது. கந்தகத்தின் அளவு போன்றவை வேறு நியமங்களுக்கு உட்பட்டவை. எனவே, 92 ரகத்துக்கென அமைக்கப்பட்ட இயந்திரத்தில் 95 ரகத்தை ஊற்றுவதால் வேகமோ ஆயுளோ குறிப்பிடத்தக்க அளவில் கூடிவிடப் போவதில்லை.

எமது வீதிகளில் ஓடும் சிறிய கார்களில் பல ஜப்பானிலிருந்து வந்தவை. அந்நாட்டின் நியமப்படி சாதாரண பெற்றோலின் குறைந்தபட்ச ஒக்டேன் எண் 89 ஆகும். முச்சக்கரவண்டிகளை எமக்கு அனுப்பும் இந்தியாவில் அது 91 ஆக இருந்தது. அந்தச் சாதாரண பெற்றோலுக்கென உருவாக்கப்பட்ட வாகனங்களுக்கு எமது 92 தாராளமாகப் போதுமானது.

எனினும், எல்லா வாகனங்களுக்கும் இது பொருந்தும் எனக் கொள்வது தவறாகும். ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவும், டர்போ பொருத்தப்பட்ட இயந்திரங்கள் சிலவும் 95 ரகத்தை வேண்டி நிற்கின்றன. அவற்றுக்குக் குறைந்த ரகத்தை ஊற்றினால் இயந்திரம் தட்டத் தொடங்கலாம், சக்தி குறையும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். நாளடைவில் இயந்திரமே பழுதடையவும் கூடும். அங்கே சிக்கனம் பெரும் செலவில் முடியும்.

இது சிறுதொகை பற்றிய விடயமன்று. 2021 டிசம்பரில் லீற்றருக்கு முறையே 177 ரூபாவாகவும் 207 ரூபாவாகவும் இருந்த இவ்விரு ரகங்களின் விலை, 2022 ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாகவும் 550 ரூபாவாகவும் உயர்ந்தது. 30 ரூபாவாக இருந்த இடைவெளி ஆறு மாதங்களில் 80 ரூபாவானது. அந்த இடைவெளியில், மாதம் 40 லீற்றர் நிரப்பும் ஒருவர் 3,200 ரூபாவை மேலதிகமாகச் செலுத்த நேர்ந்திருக்கும். யாழ்ப்பாணத்திலோ காத்தான்குடியிலோ முச்சக்கரவண்டி ஓட்டிக் குடும்பம் காக்கும் ஒருவருக்கு அது பிள்ளைகளின் படிப்புச் செலவாகும்.

இந்த மயக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. தேவையற்ற வாகனங்களுக்கு உயர்ரக பெற்றோலை நிரப்பியதால் அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டொலருக்கும் அதிகமாக வீணடித்ததாக, அந்நாட்டின் மோட்டார் வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016 இல் தெரிவித்தது. டொலர் இன்மையால் 2022 இல் நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாம், இறக்குமதியாகும் எரிபொருளைத் தேவையறிந்து பயன்படுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.

எந்த ரகம் உகந்தது என்பதைத் தயாரிப்பாளரின் கையேடும், பெரும்பாலும் எரிபொருள் தாங்கியின் மூடிப்புறமும் கூறுகின்றன. ஆனால், ஜப்பானிய மொழியில் அமைந்த கையேட்டை எம்மவருள் எத்தனைபேர் வாசிப்பர்? 2025 இல் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டுள்ள நிலையில், ஒவ்வொரு வாகனத்துக்கும் உரிய ஒக்டேன் எண்ணைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுப்பதை இறக்குமதியாளரின் கடமையாக்க வேண்டும். எரிபொருள் நிரப்பு நிலையங்களிலும் இதுபற்றிய விளக்கம் இரு மொழிகளிலும் காட்சிப்படுத்தப்பட வேண்டும்.

வாகனம் கேட்பதைக் கொடுப்பதே சிக்கனம். அது கேளாததற்குப் பணம் செலுத்துவது வீண்விரயம். கேட்பதை மறுப்பது அதனிலும் பெரிய விரயம். இதனை மக்கள் அறிந்துகொள்ள வழிசெய்வது உரிய அதிகாரிகளின் பொறுப்பாகும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.