பையைக் கட்டியவர் யார்?

லாரியை மடக்குகிறார்கள். ஓட்டுநர் இறங்கி வருகிறார். உரிமம், காப்பீடு, அபாயப் பலகை. பார்த்து முடித்ததும் ஒன்று அபராதம், இல்லையென்றால் 'போ'. தார்ப்பாய்க்குக் கீழே சரக்கு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, கட்டிக் கொடுத்தது யார் என்கிற கேள்வி பெரும்பாலும் சாலைக்கு வருவதே இல்லை.

சட்டத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. அமிலமோ வாயுவோ ஏற்றும் லாரிகளுக்கு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை. அதில் 131ஆம் விதி, சரக்கை அனுப்புகிறவரின் பொறுப்பைச் சொல்கிறது. மருத்துவக் கழிவுக்குத் தனியாக 2016ஆம் ஆண்டு விதிகள்: மஞ்சள் பை, சிவப்புப் பை, கண்ணாடிக்கு நீலம், ஊசிக்கும் பிளேடுக்கும் துளைபடாத வெள்ளைக் கலம். பையில் பார்கோடு ஒட்ட வேண்டியது மருத்துவமனை. லாரிக்காரர் அல்ல.

2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவமனைக் கழிவு கொட்டிக் கிடந்தது. எல்லைச் சாவடிகளைத் தாண்டி வந்த சரக்கு! எங்கிருந்து வந்ததென்று காட்டிக்கொடுத்தவை, குப்பைக்குள் கிடந்த நோயாளிகளின் காகிதங்கள். சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அள்ளச் சொன்னது. டிசம்பர் 22 அன்று கேரளத்திலிருந்து லாரிகள் வந்தன. இதற்குள் உள்ளூர் ஆட்கள் கைதாகியிருந்தார்கள். முதலில் கைக்குக் கிடைப்பவர்கள் எப்போதும் இவர்கள்தான்.

நான் வங்கியில் குமாஸ்தா. நூறு நோட்டுக் கட்டில் ஒரு தாள் குறைந்தால், மேலே சுற்றிய சீட்டில் எண்ணியவரின் கையெழுத்து இருக்கும், தேதி இருக்கும். அவரைத்தான் கேட்போம். பெட்டி தூக்கி வந்தவரின் சட்டையைப் பிடிப்பதில்லை.

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் குப்பை அள்ளும் அக்காவுக்கு விரலில் ஊசி ஏறியது. கறுப்புப் பை, பெயரும் இல்லை, பார்கோடும் இல்லை. எந்த கிளினிக் ஊசி என்று யாரிடம் போய்க் கேக்குறது? மஞ்சள் காமாலைக் கிருமியா, எச்.ஐ.வி.யா என்று ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தது அக்கா. அந்த நாட்களின் கூலியும் போச்சு. அந்தப் பை சாதாரணக் குப்பை லாரியில் ஏறிப் போய்விட்டது. அதில் அபாயப் பலகை கிடையாது, அதனால் யாரும் மடக்கவும் மாட்டார்கள். இந்த நகரத்தில் குப்பையைக் கையால் தொடுகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதி என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையுறை கொடுத்துவிட்டோம் என்பார்கள். ஊசிக்கு அந்தக் கையுறை எந்த மூலைக்கு?

சோதனை சாலையில் தொடங்கக் கூடாது, அனுப்புகிறவரின் வாசலில் தொடங்க வேண்டும். சரியாகக் கட்டாத பையைத் தூக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை, கூலி பிடிக்காமல், தொழிலாளிக்கு வேண்டும். வழக்கில் முதல் பெயர் பையைக் கட்டி அனுப்பிய நிறுவனத்தின் பெயராக இருக்கட்டும்.

மருத்துவக் கல்லூரித் தோழர்களே, வார்டுக்குள் நிற்கிறவர்கள் நீங்கள். ஊசி எந்தக் கலத்தில் விழுகிறது என்று இன்று ராத்திரி டியூட்டியிலேயே பாருங்கள். தேதி போட்டு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம்.