வரும்போது மாலை, போகும்போது?



இந்த இதழில் 'என் கருத்து' பகுதிக்கு எழுதச் சொன்னதும் நான் ரொம்ப யோசிக்கவில்லை. ஒரு காரைப் பற்றி எழுதப் போகிறேன். கார் என்றதும் புதுசா வந்த எலக்ட்ரிக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இருந்து 2025 டிசம்பரில் போய்விட்ட பழைய அம்பாசிடர் கார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்குப் புதுசா ஒரு பொருள் வந்தால் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, தெருவுக்கே மிட்டாய் கொடுக்கிறோம். அதே பொருள் வருஷக்கணக்கில் உழைத்துவிட்டு வெளியே போகும்போது ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறோம். இது சரியில்லை. வரவேற்பு வைக்கிறவர்கள் வழியனுப்பவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் தாத்தா முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டினவர். 2006ல் ரிட்டையர்டு ஆனதும் கைக்கு வந்த பணத்தில் முதல் வேலையாக ஒரு செகண்ட் ஹேண்ட் அம்பாசிடர் வாங்கினார். 2000ஆம் வருஷ மாடல், டீசல் வண்டி, வெள்ளைக் கலர். ஆச்சி கடைசி வரைக்கும் அதை 'பிளசர்' என்றுதான் சொல்வாள். முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும். கியர் ஸ்டீரிங் பக்கத்திலேயே இருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஹீட்டர் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தாத்தா திருநீறு பூசிக்கொள்வார்.

தெருவில் யாருக்காவது ராத்திரி பிரசவ வலி வந்தால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்ததும் அந்தக் காரில்தான். ஆயுத பூஜை அன்றைக்குக் காரைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைப்போம். பொரிகடலை கொடுத்து முடித்ததும் தெருப் பிள்ளைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு தாத்தா கோவில்பட்டியை ஒரு ரவுண்டு வருவார். எத்தனை பேர் ஏறினோம் என்று சொன்னால் போலீஸ் பிடிக்கும், அதனால் சொல்லவில்லை.

இதைவிட முக்கியமான கொண்டாட்டம் ஒன்று உண்டு. மீட்டரில் கடைசி மூன்று எண்ணும் பூஜ்யமாகிவிட்டால், அதாவது ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும், தாத்தா வண்டியை ஓரம் கட்டிவிடுவார். எந்த இடமாக இருந்தாலும் சரி. டேஷ்போர்டு பெட்டியில் எப்போதும் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் இருக்கும். எல்லாரும் இறங்கி ஆளுக்கு ஒன்று சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். குற்றாலம் போகும் அவசரத்தில் அப்பா ஒரு தடவை, "இப்ப எதுக்குப்பா நிப்பாட்டுறீங்க?" என்று சலித்துக்கொண்டார். அதற்குத் தாத்தா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"முப்பது வருசமா டைம் கீப்பர் சொன்ன நேரத்துக்கு எடுத்தேன், சொன்ன எடத்துல நிப்பாட்டினேன். இது என் வண்டி. என் இஷ்டத்துக்கு நிப்பேன்."

2018 தீபாவளிக்குத் துணி எடுக்கத் திருநெல்வேலி போனோம். கயத்தாறு தாண்டியதும் மீட்டர் 99,999 முடிந்து ஐந்தும் பூஜ்யமாக வந்து நின்றது. லட்சம் கிலோமீட்டர்! லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போகிற ரோட்டு ஓரத்தில் நாங்கள் ஆறு பேரும் நின்று மிட்டாய் தின்றோம். தாத்தா பானட்டைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி. அன்றைக்கு எடுத்த சட்டை என்ன கலர் என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பூஜ்யங்கள் நினைவிருக்கின்றன.

இனி நான் வெட்கப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு மழை நாள் தாத்தா என்னைக் கூப்பிட இந்தப் பள்ளிக்கூட வாசலுக்கே காரைக் கொண்டு வந்தார். "டேய், கலெக்டர் வர்றாருடா, வழி விடுங்கடா" என்று பையன்கள் கத்தினார்கள். அப்படிக் கத்தினவர்களில் இரண்டு பேர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் மேல் கோபம் இல்லை. நான் செய்ததுதான் தப்பு. காரில் ஏறியதும் தாத்தாவிடம், "இனிமே டீக்கடை முக்குலயே நில்லுங்க தாத்தா, நானே வந்துக்கிறேன்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் அந்த முக்கைத் தாண்டி வரவும் இல்லை.

2023ல் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. இனி ஓட்ட வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கார் வேப்ப மரத்தடியில் நின்றது. வாரத்துக்கு ஒரு தடவை அப்பா ஸ்டார்ட் பண்ணி வைப்பார். 2025 டிசம்பரோடு ஆர்.சி. முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆகியிருந்தது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். அதுபோக டிங்கர் வேலை, பெயிண்டிங், டயர், இன்சூரன்ஸ். அப்பா பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பழைய வண்டியை வாங்கி உடைக்கிற ஒருவர் 35,000 ரூபாய்க்குக் கேட்டார். அரையாண்டுப் பரீட்சை சமயம். நான் காலையில் கணக்குப் பரீட்சைக்குப் போனேன், மதியம் வந்து பார்த்தால் மரத்தடி காலி. கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும், நசுங்கின எலுமிச்சம்பழம் ஒன்றும் கிடந்தன. ஆச்சி ஏதோ திருஷ்டிக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். தாத்தா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை இழுத்துக்கொண்டு போனபோதுகூட அவர் வெளியே வரவில்லையாம். "அவருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு. நீ எதையும் கேட்டுக் கெளறாத" என்று அம்மா சொன்னாள். அவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்று வீட்டில் யாருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து என்னால் இருக்க முடியவில்லை. மீட்டர் கடைசியாக எத்தனையில் நின்றது என்று நாங்கள் யாரும் பார்த்து வைக்கவில்லை என்பது திடீரென்று உறைத்தது. ஒவ்வொரு ஆயிரத்துக்கும் வண்டியை நிறுத்தினவர் வீட்டில், கடைசி எண் யாருக்கும் தெரியாது! தாத்தாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"பதினாலாயிரத்து முந்நூத்தி அறுவத்தி ரெண்டு. முன்னால ஒரு லச்சத்தச் சேத்துக்கோ."

"எப்ப தாத்தா பாத்தீங்க?"

"முந்தின நா ராத்திரி, எல்லாரும் தூங்கின பெறவு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். கொஞ்ச நேரம் உள்ள உக்காந்திருந்தேன். முன் டயருல ஒரு பழம் வச்சுட்டு வந்தேன்." அப்புறம் அவரே சொன்னார்: "இன்னும் அறுநூத்தி முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தா உனக்கு ஒரு மிட்டாய் கெடைச்சிருக்கும்யா."

நண்பர்களே, இதுதான் நான் எழுத வந்தது. வழியனுப்பு நடக்காமல் இல்லை. எழுபத்தேழு வயசு மனுஷர் ஒருவர், ராத்திரியில், டார்ச் லைட்டோடு தனியாக நடத்தியிருக்கிறார். நாங்கள் ஐந்து பேர் பக்கத்து அறையில் தூங்கியிருக்கிறோம். அவர் வருத்தப்படக் கூடாது என்று நாங்கள் பேசாமல் இருந்தோம். நாங்கள் சங்கடப்படக் கூடாது என்று அவர் டிவி பார்த்தார்.

என் கருத்தை மறுத்துச் சிலர் சொல்வார்கள் என்று தெரியும். "இரும்புக்கு எதுக்குடா அழுகை?" என்று என் நண்பனே கேட்டான். இரும்புக்காக யாரும் அழவில்லை. அந்த இரும்புக்குள் உட்கார்ந்து நாங்கள் வாழ்ந்த வருஷங்களுக்குத்தான் மரியாதை கேட்கிறேன். "பழைய டீசல் வண்டி புகை கக்கும், போனதே நல்லது" என்று அறிவியல் ஆசிரியர் சொல்லலாம். ஐயா, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். செலவையும் ஒத்துக்கொள்கிறேன். விற்றது தப்பே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் விற்றதுதான் தப்பு.

"இதெல்லாம் எங்கும் இல்லாத வழக்கம்" என்றும் சொல்ல முடியாது. 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோ நாட்டில் பூப்லா என்ற ஊரில் பழைய மாடல் பீட்டில் காரின் கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதைப் பூவால் அலங்கரித்து, பாட்டுக் குழுவை வைத்துப் பாடி அனுப்பினார்கள். இப்போது அது ஜெர்மனியில் மியூசியத்தில் இருக்கிறது. மும்பையில் பிரீமியர் பத்மினி டாக்ஸிகளின் காலம் 2023 அக்டோபரில் முடிந்தபோது, ஒரு வண்டியையாவது மியூசியத்தில் வையுங்கள் என்று டாக்ஸிக்காரர்கள் கேட்டார்கள்.

நம் அம்பாசிடர் கதையைப் பாருங்கள். பிரதமரில் இருந்து கலெக்டர் வரைக்கும் ஏறின கார். 1950களின் கடைசியில் தொடங்கி மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் செய்தார்கள். 2013ல் இங்கிலாந்தின் 'டாப் கியர்' டிவி நிகழ்ச்சி பல நாட்டு டாக்ஸிகளை ஓடவிட்டு, அம்பாசிடரைத்தான் சிறந்த டாக்ஸி என்றது. அடுத்த வருஷம், 2014 மே மாதம், தொழிற்சாலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். 2017ல் பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனி 'அம்பாசிடர்' என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு 80 கோடி, எங்கள் வண்டிக்கு 35,000. பணத்தில் இந்த மதிப்பு நம் கையில் இல்லை. ஆனால் மரியாதை நம் கையில்தானே இருக்கிறது?

அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு எலுமிச்சம்பழம், ஒரு முழம் பூ, ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய் ஆகாது. கால் மணி நேரம் வீட்டில் எல்லாரும் சுற்றி நின்று, "இதுல ஏறித்தான் குற்றாலம் போனோம், இதுலதான் நீ பிறந்து வந்தே" என்று பேசியிருக்கலாம். நான் அந்த டீக்கடை முக்கு விஷயத்துக்குத் தாத்தாவிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். காருக்குள் உட்கார்ந்து கேட்டால் சுலபமாக இருந்திருக்கும். இப்போது திண்ணையில் அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன், வாய் வரமாட்டேன் என்கிறது. இந்தப் பக்கம் ஒட்டின அன்றைக்குச் சாயங்காலம் கட்டாயம் கேட்டுவிடுவேன். எழுதிவிட்டேன், இனிமேல் பின்வாங்க முடியாது.

கடைசியாக நம் பள்ளிக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளியில் எலக்ட்ரிக் பெல் வந்ததில் இருந்து, அதற்கு முன்னால் அடித்துக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டு ஆய்வகத்துக்குப் பின்னால் தரையில் கிடக்கிறது. அதை எந்த நாள் கழற்றினார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. நம் அண்ணன்மார், அக்காமார், சிலருடைய அப்பாமார்கூட அந்தச் சத்தம் கேட்டுத்தான் வகுப்புக்கு ஓடியிருப்பார்கள். அது பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மறுபடி கட்டித் தொங்கவிட்டு, எத்தனையோ வருஷம் அடித்த வாட்ச்மேன் ஐயா கையாலேயே ஒரு தடவை அடிக்கச் சொல்லலாமே? தலைமை ஆசிரியர் அவர்கள் அனுமதி தர வேண்டுகிறேன். கடலை மிட்டாய் என் செலவு.

மறுப்புச் சொல்ல விரும்புகிறவர்கள் கீழே விட்டிருக்கும் காலி இடத்தில் பென்சிலால் எழுதலாம். பதில் அடுத்த இதழில்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்