புறா இரத்தமும் பக்கவாதமும்

நமது பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் மக்காச்சோளக் காட்டிலோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ பாடுபடுகிற ஒரு மனிதனுக்குத் திடீரென்று கையும் காலும் விழுந்து, வாயும் கோணிப்போய்விட்டால், வீட்டார் முதலில் யோசிக்கிற சங்கதி என்ன? எந்தச் சாமிக்கு என்ன குறை வைத்தோம் என்பதுதான். ஒருவர் கர்மவினை என்பார். ஒருவர் சனிபார்வை என்பார். இன்னொருவர் செய்வினை என்பார். இவர்கள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசினாலும் செலவு வைக்கிற விஷயத்தில் மட்டும் ஒரே அபிப்பிராயமுடையவர்கள்!

தோழர்களே! மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்துவிடுகிறது. பெரும்பாலும் அடைப்புத்தான். இரத்தம் எட்டாத பாகம் செத்துப்போகிறது. மூளையின் இடப்பக்கம் கெட்டால் வலது கையும் காலும் விழும், பேச்சும் போகலாம். இரத்தக் கொதிப்பும், சர்க்கரையும், புகையிலையும் இதற்கு முக்கிய காரணங்கள். பீடி குடிக்கிறவனையே சனி ஏன் அதிகமாகத் தேடிப் பார்க்கிறான் என்று உங்கள் சோதிடரைக் கேளுங்கள். ஸ்கேன் எடுத்து அடைப்புத்தான் என்று தெரிந்தால் அதைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரத்தில் நம்மவர்கள் விபூதி போட்டு, விழுங்கச் சக்தியில்லாதவன் வாயில் சோடா ஊற்றி, அது நுரையீரலுக்குள் போகச் செய்துகொண்டிருக்கிறார்கள். 108க்குச் சொல்லுவதற்குக் காலணா செலவுண்டா?

உயிர் தப்பிய பிறகு நடக்கிற கூத்து இன்னும் பெரிது. புறாவை அறுத்து அந்தச் சுடு இரத்தத்தை விழுந்த கையில் தேய்க்கிறார்கள். கெட்டது மண்டைக்குள், மருந்து தோளிலா? கைக்கு உத்தரவு போடுகிற இடமல்லவா கெட்டிருக்கிறது? மின்சார நிலையம் நின்றுபோனால் தெருவிளக்குக் கம்பத்துக்கு எண்ணெய் தேய்ப்பார் உண்டா?

"அவனுக்குக் குணமாயிற்றே" என்பார்கள். ஆகும். முதல் சில வாரங்களில் அநேகருக்குக் கொஞ்சம் தானாகவே தெளிவு வரும். தாயத்துக் கட்டினவனுக்கும் வரும், கட்டாதவனுக்கும் வரும். எழுந்தால் தாயத்தின் மகிமை, எழாவிட்டால் தலைவிதி. எப்படி விழுந்தாலும் தாயத்துக்காரனே ஜெயிக்கிற சூதாட்டம் இது!

இதில் பணம் போவதைவிட நாள் போவதுதான் பெரிய நஷ்டம். செத்த பாகத்தின் வேலையை மூளையின் மற்றப் பாகங்கள் பழகிக்கொள்ளக்கூடும். அந்தப் பழக்கம் மிக வேகமாக ஏறுவது முதல் மூன்று மாதங்களில். பிறகும் ஏறும், மெதுவாக. குழந்தை நடக்கப் பழகுவதுபோல உட்கார, நிற்க, டம்ளர் பிடிக்க, ஒரே காரியத்தை நூறு தரம், ஆயிரம் தரம் செய்ய வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள் நழுவிவிடும். இதில் அற்புதம் ஒன்றுமில்லாததாலேயே நம்மவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை போலும்!

எல்லோரும் பழையபடி ஆகிவிடுவார்கள் என்று நாம் பொய் சொல்ல வரவில்லை. பிரான்சு தேசத்துப் பாஸ்டர் 1868இல், தமது 45ஆவது வயதில் பக்கவாதத்தால் விழுந்தார். இடது கையும் காலும் கடைசிவரை முழுதும் சரியாகவில்லை. ஆயினும் வெறிநாய்க்கடிக்கு அவர் தடுப்பு மருந்து கண்டு ஒரு சிறுவனைக் காப்பாற்றியது 1885இல்.

அரியலூரில் 2022இல் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க ஏற்பாடு உண்டு. ஆனால் அவர் என்றோ ஒருநாள் வந்து காட்டிவிட்டுப் போனால் போதுமா? அடிக்கடி வரவேண்டுமென்று கிராமசபையில் கேளுங்கள். கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் ஊரார், ஊருக்குப் பொதுவாக ஒரு சக்கர நாற்காலி வாங்கி வைத்ததுண்டா?

இன்னொரு அக்கிரமம். புருஷன் விழுந்தால் பெண்டாட்டியின் ஜாதக தோஷமாம். ஆனால் அவனைத் தூக்கி உட்காரவைத்து நடக்கப் பழக்குகிறவளும் அவளேதான். அவள் விழுந்தாலோ, படிக்கிற பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, புருஷனும் பிள்ளைகளும் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். பெற்ற தாய்க்கு டம்ளர் பிடிக்கப் பழக்கிக்கொடுத்தால் ஆண்பிள்ளையின் கை விழுந்துவிடுமா?