தளியில் நீர் நூறில் கொதிப்பதில்லை

நீர் எத்தனைப் பாகையில் கொதிக்கும்? ஆறாம் வகுப்புப் பிள்ளையை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நூறு பாகை என்றே விடை வரும். தேர்வுத் தாளில் அவ்விடைக்கு மதிப்பெண்ணும் வரும். ஆனால், ஓசூரிலிருந்து தளி வரை விரிந்து கிடக்கும் எம் மேட்டுநிலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறையின் நீர் முன்னதாகவே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை குறையும் என்பது கணக்கு. ஆகலின் தளியில் அடுப்பேற்றிய நீர் 97 பாகையளவிலேயே கொதித்துவிடும். நூறு என்பது கடற்கரைக்குரிய எண். எம் ஊர் அடுப்புக்கு உரியதன்று.

எம் பகுதிப் பள்ளியொன்றில் வெப்ப அளவியை நீரிலிட்டுப் பார்த்த மாணவி ஒருத்தி, தான் கண்டவாறே 97 என்று எழுதினாள். சிவப்பு மையால் அவ்விடை அடிக்கப்பட்டது. நூறு என்று எழுதியோர் அனைவரும், அளவியைத் தொட்டும் பாராதவர் உட்பட, முழு மதிப்பெண் பெற்றனர்! அவள் ஏன் 97 கண்டாள் என்று ஒரு வினா எழுப்பியிருந்தால், காற்றழுத்தமும் மலையும் கடலும், உதகையில் பருப்பு வேக ஏன் காலம் நீள்கிறது என்பதும் அந்த ஒரு பாடவேளையிலேயே விளங்கியிருக்கும். கண்டதை எழுதியவள் தோற்றாள். ஏட்டை ஒப்பித்தவர் வென்றனர். இதற்குப் பெயர் அறிவியற் கல்வியா?

இஃது ஓர் ஆசிரியரின் குறையென்று ஒதுக்கிவிட யாம் ஒருப்படோம். பிள்ளை தன் கண்ணை நம்பாது ஏட்டையே நம்பும் இவ்வழக்கம் வேரூன்றியதற்குக் கரணியம் ஆழமானது. பொருள் விளங்காத சொல்லை ஆராய முடியாது. நெட்டுருப் பண்ணத்தான் முடியும். ஆறு முதல் எட்டு வரையிலான மூன்று வகுப்புகளே பிள்ளை முதன்முதலாக அறிவியலை அறிவியலென்று அறியும் பருவம். அணு, விசை, மின்னோட்டம், உயிரணு என்னும் கருத்துகள் அப்பருவத்தில்தான் உள்ளத்தில் கால்கொள்கின்றன. அக்கால்கோளை அயன்மொழியில் இடுவது ஆற்று மணலில் கல்தூண் நாட்டுவதை ஒக்கும்.

2012-13ஆம் கல்வியாண்டு தொட்டு அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. நடந்தது என்ன? பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே, வகுப்பறையும் ஒன்றே. தமிழ்வழிப் பிள்ளையும் ஆங்கிலவழிப் பிள்ளையும் ஒரே விசிப்பலகையில் அமர்வர். ஆசிரியர் ஆங்கில நூலை ஒருமுறை படிப்பார். தமிழில் பொருள் கூறுவார். பின்னர் ஆங்கில விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பார்த்தெழுதச் சொல்வார். விளங்குவது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில், நினைவில் நிற்பது இரண்டும் இல்லை. ஆய்வுக்குச் செல்ல வேண்டிய நேரம் எழுத்துக்கூட்டலுக்குச் சென்றுவிடுகிறது.

பெற்றோரைப் பழிப்பது எம் நோக்கமன்று. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980களில் அசோக் லேலண்டும் டி.வி.எசும் டைட்டனும் வந்தன. கேழ்வரகு விதைத்த குடும்பத்துப் பிள்ளை தொழிற்சாலை வாயிலில் நிற்கும் காலம் வந்தது. அவ்வாயிலில் ஆங்கிலம் பேசியவனே உள்ளே விடப்பட்டான் என்று அவர்கள் கண்டார்கள். அதனால் ஆங்கிலவழி கேட்கிறார்கள். ஆங்கிலத்தை மொழியாகக் கற்பதை யாரும் மறுக்கவில்லை, நன்றாகவே கற்கட்டும்! ஆனால் அளவியின் முள் காட்டும் எண்ணைப் படித்து, அது ஏன் அங்கு நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கும் திறம் ஆங்கிலத்தால் வருவதன்று. அது விளங்கிக் கற்றதால் வருவது.

சொல்லின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 'ஒளிச்சேர்க்கை' என்று சொன்ன அளவிலேயே பிள்ளையின் உள்ளத்தில் ஒரு வினா முளைக்கும்: ஒளி எதனோடு எதைச் சேர்க்கிறது? அவ்வினாவே பாடத்தின் வாயில். நீரும் கரிவளியும் சேர்ந்து இலையில் மாப்பொருள் ஆகின்றன என்று விடை கூறி, அவரை இலையொன்றின் ஒரு பகுதியைக் கருந்தாளால் மூடி இரண்டு நாள் வெயிலில் விட்டு, பின் எரிசாராயத்தில் பச்சையம் போக்கி அயோடின் கரைசலைத் தெளித்தால், ஒளி பட்ட இடம் கருநீலமாகும். மூடிய இடம் ஆகாது. 'போட்டோசிந்தசிசு' என்னும் ஒலிக்கோவையிலிருந்து எந்தப் பிள்ளைக்கு அவ்வினா முளைக்கும்?

இன்னொன்று. எம் உழவர் உரமூட்டையைப் பார்த்துத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்பர். ('சத்து' வடசொல், 'ஊட்டம்' என்பதே நன்று. எனினும் அச்சொற்களின் முற்பகுதி மூன்றும் பொன்.) தழையைத் தழைக்கச் செய்வது தழையூட்டம்; மணி திரளச் செய்வது மணியூட்டம். அவ்வுழவரின் மகனோ பள்ளியில் 'நைட்ரசன்' என்று ஒப்பிக்கிறான். தந்தை வயலில் இடும் தழையூட்டமும் தான் ஏட்டில் படித்த நைட்ரசனும் ஒன்றே என்பது அவனுக்குத் தெரிவதில்லை. தளி வட்டாரத்தில் கேழ்வரகின் இடையே அவரையைச் சால்விட்டு விதைப்பது பழைய வழக்கம். அந்த அவரைச் செடியொன்றை வேரோடு அகழ்ந்து, மண்ணை நீரில் அலசிப் பார்த்தால் சிறுசிறு முடிச்சுகள் தோன்றும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே செந்நிறம் இருக்கும். காற்றிலுள்ள தழைவளியைச் செடிக்கு உணவாக்கும் நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்கின்றன என்பதற்கு அச்செந்நிறமே சான்று. இப்பாடத்திற்கு ஆய்வுக்கூடம் வேண்டா. ஒரு மண்வெட்டி போதும்.

இங்கே நம் அன்பர்கள் சிலர்க்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தளியில் வீட்டுமொழி கன்னடமாகவோ தெலுங்காகவோ உள்ள பிள்ளைகள் மிகப் பலர். தாய்மொழிவழிக் கல்வி என்று நாம் முழங்குவது மெய்யானால், அம்முழக்கம் அப்பிள்ளைக்கும் உரியதன்றோ? தமிழ்ப்பிள்ளைக்கு ஒரு நெறி, கன்னடப்பிள்ளைக்கு ஒரு நெறி என்பது கொள்கையாகாது. அப்பிள்ளைக்குத் தமிழையும் கற்பிப்போம். அறிவியலை அதன் தாய்மொழியிலிருந்தே தொடங்குவோம்.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. கன்னடப் பாடநூல் ஒளிச்சேர்க்கையை 'த்யுதி சம்சிலேசணெ' என்கிறது. தெலுங்கு நூல் 'கிரணசன்ய சம்யோகக்கிரிய' என்கிறது. தம் வீட்டில் யாரும் பேசாத இவ்வடசொற்களுக்கு அப்பிள்ளைகள் மீண்டும் பொருள் கேட்டாக வேண்டும். ஆனால், கன்னடப்பிள்ளை வெளிச்சத்தைப் 'பெளக்கு' என்னும். தெலுங்குப்பிள்ளை 'வெலுகு' என்னும். நம் 'விளக்கு' அவற்றோடு ஒரே வேரினது. அவ்விரு மொழிகளும் காற்றைக் 'காளி', 'காலி' என்பன. 'கால்' என்று நம் முன்னோர் காற்றைச் சொன்னதை நாம் மறந்தோம், அவர்கள் மறந்திலர். நீரும் உப்பும் மூவர்க்கும் பொது. இரும்பைக் கன்னடர் 'கப்பிண' என்பர். அது நம் 'கரும்பொன்' அன்றி வேறென்ன? இதே கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஐச் சார்ந்தது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. கரும்பொன்னை உருக்கிய நிலத்தில் நின்றுகொண்டு, துருப்பிடித்தலைப் பற்றிய பாடத்தை அயன்மொழியில் உருப்போடுவிக்கிறோம்!

தமிழில் அறிவியல் முடியுமா என்று இன்றும் கேட்போர் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், 1864 முதல் மானிப்பாயில் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அவர்தம் வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. அதற்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டது நமக்கு உவப்பன்று. ஆனால் முதலில் நடந்தவன் கால் இடறத்தான் செய்யும். ஈழத்திலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் தமிழ்ப்பிள்ளைகள் உயர்தரத் தேர்வு வரை இயற்பியலையும் வேதியியலையும் உயிரியலையும் தமிழிலேயே எழுதி, மருத்துவக் கல்விக்குச் செல்கின்றனர்.

எம் ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசகோபாலாச்சாரியார் 1938இல் நம் பிள்ளைகள்மீது இந்தியைக் கட்டாயமாக்கியவர். அதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் 1916இல் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கெனக் கழகம் கண்டவர்களுள் அவரும் ஒருவர். 'திண்ணை ரசாயனம்' எழுதியவரும் அவரே. அவர் சொற்கள் வடமொழிச் சேற்றில் புதைந்தவை. அச்சேற்றைக் கழுவும் பணி, விபுலானந்த அடிகள் தலைமையில் 1936இல் அறிஞர் கூடி ஆய்ந்து, 1938இல் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தபோது பெரிதும் நிறைவேறியது. ஆக, நூறாண்டுக்கு முன்பே தொடங்கிய பணி இது. சொல் இல்லை என்பது இன்று சாக்கு.

சட்டம் நமக்குத் துணை நிற்கவில்லை என்பதும் உண்மை. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்று 1999இல் பிறந்த அரசாணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் நீக்கியது. எல்லைக்கு அப்பால் கன்னடர்க்கும் இதே நிலைதான். கருநாடக அரசின் தாய்மொழிவழி ஆணையை 2014இல் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது.

ஆணையின்றியும் செய்யலாம் என்பதற்கு வடக்கே ஒரு சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கென்றே ஓர் அறிவியல் திட்டம் தொடங்கிற்று. பிள்ளைகள் குழுவாக அமர்ந்து ஆய்வு செய்தனர். கண்டதைத் தம் சொல்லில் எழுதினர். தேர்வில் நூலைத் திறந்து வைத்துக்கொள்ளவும் இசைவு இருந்தது. மொழி? அவர்தம் இந்தி. இந்தி நமக்குப் பகையன்று, அதன் திணிப்பே பகை என்று நாம் சொல்லி வருவதன் பொருள் இதுதான்: இந்திப் பிள்ளை இந்தியில் சிந்திக்கட்டும். ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் வரை பரவிய அத்திட்டத்தை 2002இல் அம்மாநில அரசே நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டரசு 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றமும் இவ்வகுப்புகளுக்கே உரியது. 'எங்கும் அறிவியல், யாவிலும் கணிதம்' என்பது அதன் முழக்கம். 'கணக்கு' இருக்கக் 'கணிதம்' ஏனோ! அது கிடக்க, ஆய்வுப் பொருள்களோடு பள்ளி தேடி வரும் முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால், கருவிகளோடு வருவோர் என்றோ ஒருநாள் வருவர். எஞ்சிய நாள்களில் பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? அவரைச் செடியும் அடுப்பும் வெயிலும் தன் மொழியும்தாம்.

ஆகலின் நம் தோழர்க்கு ஒரு பணி வைக்கிறோம். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், அஞ்செட்டிப் பகுதிகளில் உழவரும் கொல்லரும் குயவரும் மண், நீர், காற்று, சூடு, விதை, பூச்சி, மாழை ஆகியவற்றுக்கு வழங்கும் சொற்களை, தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும், கேட்டவாறே எழுதித் திரட்டுங்கள். எந்த ஊரில், என்ன தொழில் செய்வோரிடம் கேட்டது என்பதையும் குறியுங்கள். நளித் திங்களில் கேழ்வரகு அறுவடை தொடங்கும்; யானைகளும் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து சவளகிரி வழியே இறங்கும்; களத்துக் காவலில் உழவர் இரவெல்லாம் விழித்திருப்பர். சொல் கேட்க அதனினும் நல்ல வேளை இல்லை. சுறவத் திங்கள் முடிவதற்குள் தாள்கள் எம் கைக்கு வந்து சேரட்டும். ஆறாம் வகுப்புக்கான ஆய்வுக் கையேட்டை அச்சொற்களைக் கொண்டே எழுதத் தொடங்குவோம். வெப்ப அளவி உடையோர் தத்தம் ஊரில் நீர் எத்தனைப் பாகையில் கொதிக்கிறது என்பதையும் பார்த்து எழுதி விடுக்க.